எட்டு நாள் வைத்திருந்த சாறு

1

காக்ஸ் டவுன் மார்க்கெட்டைத் தாண்டியதும் சுகந்தி நின்றாள்.

"லைசென்ஸை செவுத்துலயே விட்டுட்டோம்."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கேரியரில் டிரங்குப் பெட்டி, ஹாண்டில்பாரின் இரண்டு பக்கமும் பாத்திர மூட்டைகள். என் மனைவி கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஆறு வயது மகள் ஜெனி சுவர்க் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அது ஓடிக்கொண்டே வந்தது.

"இருந்துட்டுப் போகுது" என்றேன்.

"புது ஃபிரேமுங்க. போன மாசந்தான் கண்ணாடி போட்டோம்."

"லைசென்ஸ் அவங்களுது. கண்ணாடியையும் அவங்களே வெச்சுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி. ரிச்சர்ட்ஸ் டவுன் ஓரத்தில் இருந்த எங்கள் மெதடிஸ்ட் சபையின் பின்கட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு, அல்சூரில் சுகந்தியின் சித்தி மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சபைக் குடும்பம் ஒன்று ஆட்டோவில் எங்களைக் கடந்தது. அந்த வீட்டுக்காரர் கையைத் தூக்கப் போய், பாதியில் தலையைச் சொறிந்துகொண்டார்.

இதற்கு முன்பும் பல இடங்களை விட்டு நடந்தவன் நான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமல் ஊரைவிட்டு வந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியை விட்டு வந்தேன். லாரியில் கிளீனராக இருந்தபோது சோலாப்பூரில் டிரைவர் என்னை இறக்கிவிட்டுப் போய்விட, அங்கிருந்தும் வந்தேன். தப்பு யாருடையது என்று எந்த முறையும் யோசித்ததில்லை. இந்த முறை யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

2

இதை எழுதச் சொன்னது ஊர்ச் சபைதான். கோயில் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். வெளி மாநிலங்களில் ஊழியம் செய்யும் நம் ஊர்க்காரர்கள், மெதடிஸ்ட் என்கிற அடையாளத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். உறையின்மேல் என் பெயருக்கு முன்னால் 'அருள்திரு' என்று போட்டிருக்கிறது.

நான் அருள்திரு இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. பட்டம் பெற்ற ஆயர் கிடைக்காத சபைக்கு, ஆண்டு லைசென்ஸில் தற்காலிகமாக வைக்கப்படும் சப்ளை பாஸ்டராக இருந்தேன். பிரசங்கம் செய்யலாம், வீடுகளுக்குப் போய் ஜெபிக்கலாம். திருவிருந்து கொடுக்க முடியாது. அதற்கு மாதம் ஒருமுறை மாவட்டக் கண்காணிப்பாளர் வருவார். ரொட்டியும் சாறும் தயார் செய்து மேசைமேல் வைப்பது மட்டும் என் வேலை. இப்போது அதுவும் இல்லை. ஊரில் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் இந்த இரண்டு பக்கம் கொஞ்சம் நீளும்.

தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கும் நம் ஊர்க் கோயில், பல பிரிவுகள் ஒன்றான ஐக்கிய சபையோடு சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் மணியடித்துப் பெருக்கி, திருவிருந்துக்குச் சாறு காய்ச்சிய என் அப்பா, கேட்டவர்களிடம் எல்லாம் கடைசிவரை "நாங்க மெதடிஸ்ட்டுங்க" என்றுதான் சொன்னார். வித்தியாசம் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பக்கத்தூருக் கோப்பையில ஒயின் இருக்கும். நம்முளுதுல இருக்காது" என்றார். வேதசாஸ்திரம் படிக்காத எனக்கு அதற்குமேல் வித்தியாசம் இன்றுவரை தெரியாது.

சாறு காய்ச்சும்போது அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. கர்த்தருக்கு வைப்பதை எச்சில் செய்யக் கூடாது.

3

பெங்களூருக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். அந்த ஆண்டுக் கடைசியில் காவிரிக் கலவரம். அப்போது பெயிண்டர் ஒருவரிடம் கையாளாக இருந்தேன். இந்தச் சபையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பெயர்ப் பலகையில் 'தமிழ் ஆராதனை காலை 10 மணி' என்ற வரியை வெள்ளை அடித்து மறைப்பது. கன்னட வரியும் இங்கிலீஷ் வரியும் இருக்கட்டும் என்றார்கள். சில மாதம் கழித்து அந்த வரியைத் திரும்ப எழுதவும் என்னையே கூப்பிட்டார்கள். எழுதிய கையோடு ஆராதனைக்கு உட்கார்ந்தேன். அப்படியே தங்கிவிட்டேன்.

கன்னட ஆராதனை எட்டு மணிக்கு, தமிழ் பத்துக்கு. அவர்கள் வெளியே வரும் வாசலிலேயே நாங்கள் உள்ளே போவோம். அவர்களிடம் "சென்னாகிதீரா" என்று நான் கேட்பேன். அவர்கள் தமிழிலேயே "நல்லாருக்கோம் பாஸ்டர்" என்பார்கள். என் கன்னடம் இன்றும் அந்த வாசலைத் தாண்டவில்லை.

இங்கே கிறிஸ்தவர் இரண்டு பேர் சந்தித்தால் பெயருக்கு அடுத்த கேள்வி "எந்தச் சபை?" என்பதுதான். பதிலிலிருந்து சொந்த ஊரைக் கணக்குப் போடுவார்கள், சிலர் சாதியையும். ஆண்டுதோறும் நிரப்பும் மாவட்டப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பிறப்பால் உறுப்பினர் எத்தனை, மாறி வந்தவர் எத்தனை. இரண்டாவது கட்டத்தில் நான் பெரும்பாலும் சுழி போடுவேன்.

எனக்கு லைசென்ஸ் கொடுக்கும் முன் கண்காணிப்பாளர் கேட்டார்:

"பத்தாவது பாஸா?"

"இல்லீங்க ஐயா."

"எங்க அனுப்பினாலும் போவியா? நம்ம சபையில ஒரே இடத்துல வேர் விட முடியாது."

"போறது ஒண்ணுதாங்க எனக்குத் தெரியும்."

சிரித்தார். "அப்ப நீ மெதடிஸ்ட்தான்."

4

மாறி வந்தவர் என்ற கட்டத்தில் நான் 'ஒன்று' என்று எழுதியது தேவராஜுக்காக.

காக்ஸ் டவுனில் இக்பால் பாய் பேக்கரியில் அவர் அடுப்பு ஆள். நாற்பது வயது இருக்கும். அடுப்புச் சூட்டில் இரண்டு முன்கையிலும் முடி இருக்காது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரொட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"பாஸ்டரே, ஒண்ணு கேக்கணும். உங்க கோப்பையில என்ன ஊத்துறீங்க?"

"திராட்சைச் சாறு."

"ஒயின் இல்லியே?"

"எங்க சபையில கிடையாது."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டுகூட."

"அப்ப நான் மெதடிஸ்ட்டு" என்றார்.

குடியை விட்டு அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை போய்வந்த சபையில் ஒயின்தான். எல்லாரும் பீடத்துக்குப் போகும்போது இவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். என்ன பாவம் செய்தானோ என்று பார்ப்பார்களாம். "ஒரு வாய்தானேன்னாரு எங்க பழைய சபை பாதிரி ஐயரு. அவருக்கு அது ஒரு வாய். எனக்கு ஒரு வாய்ங்கிற கணக்கே கெடையாது பாஸ்டரே."

அவருடைய மனைவி ராணி, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. முதல் திருவிருந்தில் இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஆராதனை முடிந்ததும் தேவராஜ் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் வெஸ்ட்ரி அறைக்கு வந்து, சின்னக் கண்ணாடிக் குவளைகளைத் தானே கழுவுவார். "நெருப்புல நிக்கறவனுக்கு தண்ணி வேலைதான் லீவு" என்பார்.

நாங்கள் எல்லாரும் பிறந்ததால் மெதடிஸ்ட். அந்தப் பெயரை உயிர் பிழைக்கப் பிடித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

5

ஏப்ரல் மாதம். வழக்கமாகச் சாறு ஊற்றும் பாட்டில் உடைந்துபோயிருந்தது. சபைச் செயலாளர் சாலமோன் சார் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் மனைவி கிரேஸ் அம்மா ஒரு பீங்கான் ஜாடியைக் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டில் நவம்பர் தோறும் கிறிஸ்துமஸ் ஒயின் போடும் ஜாடி. இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் பலவற்றில் அது உண்டு. மெதடிஸ்ட் வீடுகளிலும் உண்டு. கேக்கோடு ஒரு சின்ன கிளாஸ் தருவார்கள். அதை யாரும் குடி என்று சொல்வதில்லை. நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

சனிக்கிழமை கறுப்பு உலர்திராட்சையை வேகவைத்து, துணியில் பிழிந்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டேன். ஆறியதும் ஜாடியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டினேன். ஜாடியைப் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசியதோடு சரி.

மறுநாள் காலை சாலமோன் சார் வீட்டுக்குக் கண்காணிப்பாளர் போன் செய்தார். கோலார் பக்கம் ஒரு சபையில் ஏதோ தகராறு, அடுத்த ஞாயிறுதான் வருவேன் என்று. சாறு மிஞ்சியது. ஜெபித்துக் காய்ச்சியதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. வெஸ்ட்ரி அலமாரியில் வைத்தேன். காய்ச்சிய சனி முதல் அடுத்த வார ஞாயிறுவரை எட்டு நாள், அந்த வெயிலில் அங்கேயே இருந்தது.

குவளைகளில் ஊற்றும்போது வாசனை கொஞ்சம் ஏறியிருந்தது தெரிந்தது. கிராம்பு என்று நினைத்துக்கொண்டேன். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அப்பா சொன்னபடி.

அன்று எண்பது பேர் குடித்தார்கள். தெரியாதவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. தேவராஜ் பீடத்தின் இடது ஓரத்தில் முழங்கால் போட்டிருந்தார். ராணிக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. மற்றவர்கள் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. உருக்கமாக ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

சாலமோன் சார் வீட்டில் கண்காணிப்பாளருக்கும் எனக்கும் சாப்பாடு. கிளம்பும் அவசரத்தில் வெஸ்ட்ரியை எட்டிப் பார்த்து, "மிச்சத்தை மரத்தடியில ஊத்திடுங்க தேவராஜ்" என்று சொன்னேன். ஜாடியில் பாதிக்குமேல் இருந்தது. குவளை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

நாலு மணிக்குக் கோயிலைப் பூட்டப் போன சாலமோன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ்டர், உங்க ஆள் லட்சணத்தை வந்து பாருங்க."

அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் தேவராஜ். குவளைகள் எல்லாம் கழுவி வெள்ளைத் துணிமேல் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜாடி காலி.

"சரக்கை உள்ளயே கொண்டாந்திருக்கான்" என்றார் சாலமோன் சார்.

"நான் கொண்டாரல சார். ஜாடியிலதான் இருந்துச்சு. மொதல்ல கோப்பையிலயே இருந்துச்சு. பாஸ்டரே, நீங்களே மோந்து பாருங்க."

"கர்த்தரோட பந்தியில கை வெச்சதும் இல்லாம, பழியையும் அதுமேலயே போடுறான் பாரு."

நான் ஜாடியை எடுத்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, சாறு புளித்து ஒயினாகியிருந்தது. கிரேஸ் அம்மா வீட்டுக் கிறிஸ்துமஸ் வாசனை.

தேவராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலமோன் சாரும்.

"வீட்டுக்குப் போங்க தேவராஜ். அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

6

பேசவில்லை. இரண்டு வாரத்தில் காலாண்டுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதல் பொருள், உறுப்பினர் தேவராஜின் ஒழுக்கக்கேடு. மூன்றாவது பொருள், என் லைசென்ஸைப் புதுப்பிப்பது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கூட்டம் கை தூக்கினால்தான் எனக்கு லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தால்தான் பின்கட்டு வீடு.

"சபை ஜாடியில சாராயம் இருந்துச்சுன்னு ரோட்ல போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியறான்" என்றார் சாலமோன் சார். "பேரை எடுத்துடலாம். ஆட்சேபணை யாருக்காவது?"

நான் சுவரில் மாட்டியிருந்த பழைய ஆயர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பொருளும் மூன்றாவது பொருளும் ஏகமனதாக நிறைவேறின. லைசென்ஸுக்குக் கண்ணாடி போட்டது அந்த வாரம்தான்.

தேவராஜ் பாக்கெட் சாராயத்துக்குத் திரும்பினார். வேலைக்குப் போவது நின்றது. ஒருநாள் சாயங்காலம் ராணி கதவைத் திறக்கவில்லை. அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஓசூர் பஸ்ஸில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், கோலாரில் என்று இன்னொருவர். ராணி இரண்டு ஊருக்கும் போய்த் தேடிவிட்டு வந்தாள்.

7

போன வாரம் ஜெனி கேட்டாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கல்யாண மண்டபம் ஒன்றில் கூடும் பெரிய இங்கிலீஷ் சபைக்குப் போகிறாள். மெதடிஸ்ட்டா, பெந்தெகொஸ்தேயா என்று கேட்டால், "அதெல்லாம் ஓல்டு பா. நாங்க ஜஸ்ட் கிறிஸ்டியன்ஸ்" என்பாள். தமிழ் பைபிள் வாசிக்க வராது. கல்லூரிப் படிவத்தில் சபைப் பிரிவு என்ற இடத்தில் கோடு இழுத்துவிட்டாள். என் பெயரும் இப்போது எந்தச் சபைப் பதிவேட்டிலும் கிடையாது.

"அப்பா, உங்களுக்கு கம்யூனியன் ஜூஸ் பண்ணத் தெரியுமாமே? அம்மா சொன்னாங்க. எங்க குரூப்புக்கு பண்ணித் தாங்களேன்."

"கடையில வாங்கிக்கம்மா."

"வீட்ல பண்ணா நல்லாருக்கும்ல?"

"கடையில வாங்கு. அன்னிக்கே திற, மிச்சத்தை அன்னிக்கே கொட்டு. குடுக்கறதுக்கு முன்னாடி நீ குடிச்சுப் பாரு."

"என்னப்பா, விஷமா குடுக்கப்போறேன்?" என்று சிரித்துவிட்டுப் போனாள். சமையல்கட்டில் சுகந்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

8

தேவராஜ் போய் இரண்டு வாரம் கழித்து ராணியைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறை. கொடியில் அவருடைய சட்டை ஒன்று தொங்கியது. உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ஜாடி, எட்டு நாள், வாசனை, எல்லாம்.

அவள் அழவில்லை, கத்தவுமில்லை.

"குடிச்சதுக்கு நான் கதவைச் சாத்தல பாஸ்டரே. கண்ணாலமான நாளா அதைப் பாத்தவதான் நான். கோயில் ஜாடி மேலயே பொய் சொல்றானே, இவன் இனி திருந்தமாட்டான்னுதான் சாத்தினேன். மூணு வாட்டி தட்டினாரு. 'பாஸ்டரைக் கேளுடி, பாஸ்டரைக் கேளுடி'ன்னாரு."

கொடியில் தொங்கிய சட்டையை எடுத்து மடித்தாள்.

"கேட்டேன்ல. அடுத்த நாளே உங்க வீட்டுக்கு வந்தேன். சுகந்தி அக்கா காப்பி குடுத்தாங்க. ஜாடியில ஏதாச்சும் இருந்துச்சான்னு கேட்டேன். 'ஜெபிப்போம்மா'ன்னீங்க."

ஆமாம். அப்படித்தான் சொன்னேன்.

"எனக்குச் சொன்னது போதாது" என்றாள். "அவரைப் பொய்யன்னு சொன்னது எங்கயோ, அங்க போய்ச் சொல்லுங்க."

வந்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. கண்காணிப்பாளரும் இருந்தார். பிரசங்க நேரத்தில் பைபிளைத் திறக்காமல் சொன்னேன். ஜாடி யாருடையது என்று சொல்லவில்லை. எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொன்னேன். தேவராஜ் சொன்னது அத்தனையும் உண்மை என்று இரண்டு முறை சொன்னேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அதான் அன்னிக்கு எனக்கு முட்டி வலி தெரியல" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கிரேஸ் அம்மா முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் இருந்த ராணி எழுந்து வெளியே போனாள்.

வெஸ்ட்ரியில் கண்காணிப்பாளர் அங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்கய்யா?"

யோசித்தார். "வாயை மூடிட்டு இருன்னுதான் சொல்லியிருப்பேன். நம்ம சபைக்கு இந்த ஊர்ல இருக்கிற ஒரே பேரு அதுதான். மத்தவங்க கோப்பையில இருக்கு, நம்ம கோப்பையில இல்ல. அதையும் மைக்குல சொல்லி முடிச்சிட்ட."

"தேவராஜ் பேரைத் திரும்பச் சேக்கணும்யா."

"அடுத்த கூட்டத்துல வெப்போம். ஆளு வேணுமே சேக்க."

இனி லைசென்ஸ் இல்லை என்று தெரிந்துவிட்டதால், வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவசரமில்லை என்றார். சாலமோன் சார் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். சுகந்தி அதற்குள் பாத்திரங்களைக் கட்டியிருந்தாள்.

9

மறுநாள் காலை அல்சூர் ஏரிக்கரை வழியாக நடந்து இக்பால் பாய் பேக்கரிக்குப் போனேன். தேவராஜைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பதற்காகத்தான். பாய் பன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்டயும் சொன்னான் பாஸ்டரு" என்றார். "சர்ச் ஜாடியில சரக்கா, போடா லூசுன்னு நானும் சிரிச்சுட்டேன். அன்னிக்குப் போனவன்தான்."

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இப்ப எங்க வேலை?" என்றார் பாய்.

"இல்லை பாய்."

"அவன் எடம் காலியாதான் கெடக்கு. ரெண்டு பேரு வந்தானுங்க, சூடு தாங்காம ஓடிட்டானுங்க. நிப்பியா?"

"நிக்கிறேன்."

ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கொடுத்தார். நெஞ்சுப் பக்கம் கரி பிடித்திருந்தது. "அவனுது. வர்ற வரைக்கும் கட்டிக்க."

கட்டிக்கொண்டேன். உள்ளே மரத்தொட்டியில் பிசைந்து வைத்த மாவு ஈரத்துணிக்கு அடியில் உப்பிக்கொண்டிருந்தது. துணியை விலக்கினேன். புளித்த வாசனை முகத்தில் அடித்தது. ஒரு தட்டு மாவை உருட்டி வைக்கக் கை நீட்டினேன்.

"இரு, இரு" என்றார் பாய் பின்னாலிருந்து. "மொதல்ல கிள்ளி வாயில போட்டுப் பாரு. பாக்காம எதையும் வெளிய அனுப்பக் கூடாது."

கிள்ளி வாயில் போட்டேன்.